எப்போது சுற்றியது?

மைதானத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், அவளிடம் ஓடிக்கொண்டே நான் மனசில் குறித்துக்கொள்வது அவள் விழுந்த இடத்தை. முடிவுக் கோட்டைத் தாண்டி விழுந்தாளா, தாண்டுவதற்கு முன்பே விழுந்தாளா? சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பத்தடிகூட இருக்காது. தாண்டி விழுந்தவளுக்குப் பெரும்பாலும் பத்து நிமிஷப் படுக்கையும், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் போதும். தாண்டாமல் ஓட்டத்தின் நடுவிலேயே விழுந்தவளை, இதயத்தை ஒரு மருத்துவர் பரிசோதிக்கும்வரை நான் மறுபடி ஓடவிட மாட்டேன். இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, ஒரு மாணவி கொடுத்தாள்.

கோவில்பட்டி வட்டாரத்துப் பள்ளிகளில் 1988இலிருந்து உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, காவலர் தேர்வுக்குத் தயாராகும் பெண்களுக்கு விடியற்காலையில் ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். கரிசல் மண், கோடையில் வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் காலைக் கவ்வும். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேரின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள். காக்கி உடுப்பு என்பது அந்த வீடுகளில் ஒரு வேலை மட்டுமில்லை, கடனிலிருந்து வெளியே வரும் வழி. அதனால் இந்தப் பிள்ளைகள் எதையும் தாங்கிக்கொள்வார்கள். எதையும் மறைப்பார்கள். தலைசுற்றலைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் மறைப்பார்கள். சொன்னால் ‘நாளைக்கு வராதே’ என்று சொல்லிவிடுவேனோ என்று பயம்.

அவர்கள் சொல்லும் சொற்களை நான் கவனித்துக் கேட்கிறேன். ‘கிறுகிறுன்னு வருது டீச்சர்’ என்பாள் ஒருத்தி. ‘கண்ணு இருட்டிட்டு வருது’ என்பாள் இன்னொருத்தி. ‘அப்படியே ஆளைத் தூக்குது’ என்பவளும் உண்டு. இவை மூன்றும் ஏறத்தாழ ஒரே செய்திதான்: மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரத்துக்குக் குறைந்திருக்கிறது, அல்லது அந்த ரத்தத்தில் இருக்க வேண்டியது குறைந்திருக்கிறது. ‘மைதானமே சுத்துது டீச்சர், வலப்பக்கம் திரும்பினா சுத்துது’ என்று ஒருத்தி சொன்னால் அது வேறு விவகாரம். அநேகமாகக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சம்பந்தப்பட்டது, அவளைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புவேன். தமிழில் எல்லாவற்றையும் ‘தலைசுத்தல்’ என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். அதனால் ‘பூமி சுத்துதா, இல்ல நீ மயங்குற மாதிரி இருக்கா தாயி?’ என்று நான் பிரித்துக் கேட்பேன். அடுத்த கேள்வி: எப்போது சுற்றியது? எழுந்து நின்றபோதா, ஓடும்போதா, நின்ற பிறகா?

நான் ஓடக் கற்றுக்கொண்ட காலத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. எண்பதுகளில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர். ஆனால் பயிற்சி முடியும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். குடித்தால் விலாவில் குத்தும், ஓட்டம் கெடும் என்பார். தலைசுற்றினால், ‘அது சோம்பேறித்தனம், இன்னொரு ரவுண்டு போனா சரியாயிரும்’ என்பார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நானும் அதையே எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

1991இல் வட்டார விளையாட்டுப் போட்டி. எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தி 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தாள். பதினான்கு வயது, ஒல்லியான உடம்பு. கோட்டைத் தாண்டியதும் தோளைப் பிடித்து நிறுத்தி, பெயர் எழுதுகிற வரிசையில் நிற்க வைத்தேன். ‘டீச்சர், கண்ணு இருட்டுது’ என்றாள். ‘நில்லு தாயி, பேரு எழுதி முடியட்டும்’ என்றேன். அடுத்த நிமிஷம் மரம் சாய்வதுபோல் முன்பக்கமாக விழுந்தாள். ஓரத்தில் நட்டிருந்த செங்கல்லில் மோவாய் பட்டுக் கிழிந்தது, நான்கு தையல். விழுந்து கிடக்கும்போது கையும் காலும் நாலைந்து தடவை வெட்டி இழுத்தன. கூட்டத்தில் ஒருவர், ‘காக்காவலிப்பு’ என்றார். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். அரை நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, ‘நான் செகண்டா டீச்சர்?’ என்று கேட்டாள்.

அந்த ‘வலிப்பு’ என்ற சொல் அவளைவிட முன்னதாக ஊர் போய்ச் சேர்ந்தது. அவளை விளையாட்டிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் பள்ளியிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். ‘வலிப்புக்காரி’ என்ற பெயரோடு அவளுக்கு வரன் பார்த்த கதையைப் பிறகு கேள்விப்பட்டேன்.

பல வருஷங்கள் கழித்து ஒரு புத்தாக்கப் பயிற்சியில் உடலியங்கியல் மருத்துவர் ஒருவர் எங்களுக்கு வகுப்பெடுத்தார். சாக்பீஸால் கரும்பலகையில் ஒரு காலை வரைந்து, கெண்டைக்கால் சதையைக் காட்டி, ‘இது உங்க ரெண்டாவது இதயம்’ என்றார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் இறைக்கிறது; அதில் தசைகளுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு. உயிரைக் கொடுத்து ஓடும்போது இறைக்கும் அளவு மூன்று நான்கு மடங்காகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கே போகிறது. காலில் உள்ள ரத்தக் குழாய்கள் அகலத் திறந்துகிடக்கின்றன. கீழே போன அத்தனை ரத்தத்தையும் மேலே ஏற்றுவதில் இதயத்துக்குத் துணை கெண்டைக்கால்தான். ஒவ்வொரு எட்டிலும் சதை இறுகி நாளங்களைப் பிழிய, அவற்றிலுள்ள அடைப்பிதழ்கள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்க, அது இதயத்துக்கு ஏறுகிறது. ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தி நேராக நின்றால் அந்தப் பிழிதல் நின்றுபோகிறது. குழாய்களோ இன்னும் திறந்தபடியே இருக்கின்றன. ரத்தம் காலிலேயே தங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது, மூளை சில நொடிகளில் விளக்கை அணைக்கிறது. விழுந்து படுத்தவுடன் ரத்தம் தலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் அரை நிமிஷத்தில் கண் திறக்கிறார்கள். அந்தச் சில நொடி ரத்தக் குறைவிலேயே கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. அது வலிப்பு நோய் இல்லை.

அன்றைக்கு அந்த வகுப்பில் மேற்கொண்டு எதுவும் என் காதில் விழவில்லை. அவளை நிற்க வைத்தது நான். நடக்கவிட்டிருந்தால் அவள் விழுந்திருக்கவே மாட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனேன். அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அவளுடைய அம்மாவிடம், ‘அது வலிப்பில்லம்மா, யாருக்கு வேணும்னாலும் வரக்கூடியது’ என்று சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘இப்ப சொல்லி என்ன டீச்சர்’ என்றார்.

அன்றிலிருந்து என் மைதானத்தில் முடிவுக் கோட்டுக்கு அப்பால் யாரும் நிற்கக் கூடாது. குனிந்து முழங்காலைப் பிடிக்கக் கூடாது, தொப்பென்று உட்காரக் கூடாது. மெதுவோட்டம், பிறகு நடை. குறைந்தது ஐந்து நிமிஷம், கடுமையான நாளில் பத்து. நேரம் குறிக்கிறவர் பிள்ளைகளோடு கூடவே நடந்துபோய் நேரத்தைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் மற்ற ஆசிரியர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பருவம் முழுக்க எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒருத்திகூட விழாததைப் பார்த்த பிறகு அவர்களும் நடக்கவிட்டார்கள். நடக்க முடியாத அளவுக்குக் கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் அங்கேயே படுத்துவிட வேண்டும். தானாகப் படுக்கிறவளுக்கு மோவாய் கிழியாது. இதை முதல் நாளே ஒவ்வொருத்தியையும் படுக்க வைத்துப் பழக்குகிறேன். வெட்கப்படுகிறவளை இரண்டு தடவை படுக்க வைப்பேன்.

ஓட்டத்துக்குப் பிந்திய கிறுகிறுப்பில் பெரும்பகுதி இத்தோடு ஒழிந்தது. ஓட்டத்துக்கு முன்பும், பயிற்சியின் நடுவில் மெல்ல மெல்லவும் வருகிறதே, அதன் வேர் வீட்டில் இருக்கிறது.

விடியற்காலை ஐந்தரைக்கு வருகிற பிள்ளையிடம், ‘என்ன சாப்பிட்ட?’ என்று கேட்டால், ‘வரக்காப்பி டீச்சர்’ என்பாள். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. பத்து மணி நேரப் பட்டினியோடு 300 மீட்டரை ஆறு தடவை வேகமாக ஓடச் சொன்னால், நாலாவது தடவையிலேயே கை நடுங்கும், வியர்வை குளிரும், காரணமில்லாமல் கோபம் வரும். மூளை வேலை செய்வது பெரும்பாலும் குளுக்கோஸால்தான். எடையில் உடம்பில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும் மூளை, ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அதற்காக வயிறு முட்ட இட்லி தின்றுவிட்டு ஓட முடியாது. அப்போது ரத்தம் குடலுக்குப் போகும், குமட்டலும் கிறுகிறுப்பும் சேர்ந்து வரும். நான் சொல்வது எளிமையானது: ஓடுவதற்கு அரைமணி, முக்கால்மணி முன்னால் ஒரு வாழைப்பழம். இல்லையென்றால் இரண்டு பேரீச்சம்பழம். அதுவும் இல்லையென்றால் நெல்லிக்காய் அளவு கருப்பட்டி. எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தது. பிள்ளைகள் பையில் அதுதான் இருக்கும். ஆனால் கடலையில் உள்ள எண்ணெய் செரிக்க நேரம் பிடிக்கும் என்பதால் ஓட்டம் முடிந்த பிறகுதான் அதைத் தின்ன விடுவேன். நேரம் இருக்கிற நாளில் கம்பங்கூழில் மோர் ஊற்றி, ஒன்றரை மணி நேரம் முன்னால் குடித்துவிட்டு வருகிறவள் கடைசிவரை நின்று ஆடுவாள்.

ஆடி வெள்ளி, மார்கழி விரதம் என்று பட்டினியோடு வருகிறவர்களும் உண்டு. விரதத்தை விடு என்று சொல்ல நான் யார்? அன்றைக்கு வேக ஓட்டம் கிடையாது, நடையும் நீட்டல் பயிற்சியும்தான். ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு நோன்பு திறந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு தனியாக மாலைப் பயிற்சி வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து அப்பாவோ அண்ணனோ கூடவந்து மைதான ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

தண்ணீரைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நிறையக் குடியுங்கள் என்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் ஏன் குடிப்பதில்லை என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மைதானத்தில் பல வருஷங்கள் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பேருந்து நிலையத்தில் இருப்பது போகக்கூடிய நிலையில் இல்லை. நாலு மணிக்கு எழுந்து பஸ் ஏறி, ஏழரைக்கு வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டுமே என்று, ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வியர்வையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் போகிற வேளையில் உள்ளே வந்தது ஒரு வாய்கூட இருக்காது. ரத்தத்தின் கொள்ளளவு குறைந்தால் எழுந்து நின்றாலே கண் இருட்டும். இதை ‘குடி, குடி’ என்று அதட்டித் தீர்க்க முடியாது. நான் செய்தது, மைதானத்துக்கு எதிரே இருந்த ஒரு வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கேட்டதுதான். ‘பிள்ளைக வந்து போகட்டும் டீச்சர், என் பிள்ளைகன்னா விடமாட்டனா’ என்றார். மைதானத்துக்குக் கழிப்பறை வரும்வரை ஏழு வருஷம் அந்த வீட்டுக் கொல்லைக் கதவு எங்களுக்காகத் திறந்தே இருந்தது. அந்தக் கதவு திறந்த மாதத்திலேயே என் நோட்டில் ‘கிறுகிறுப்பு’ என்ற பதிவு பாதியாகக் குறைந்தது. நான் கொடுத்த எந்தப் பயிற்சியையும்விட அது பெரிய வேலை.

ஓடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் போதும். நடுவில் ஒவ்வொரு வாயாக. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, கடுங்காப்பி நிறத்துக்குப் போகக் கூடாது. வெயில் நாளில் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போய் அதுவும் தலைசுற்றலில், சில சமயம் அதைவிட மோசமானதில் கொண்டுபோய்விடும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கலக்கச் சொல்லும் கணக்கு. நன்றாக வியர்த்த பிறகு அதையே எலுமிச்சை பிழிந்து கொடுக்கிறேன். நீர்மோரும் நீச்சத்தண்ணியும் நம் ஊரில் இதே வேலையைத்தான் செய்துவந்திருக்கின்றன.

சோற்றையும் தண்ணீரையும் சரிசெய்த பிறகும் சில பிள்ளைகளுக்குக் கிறுகிறுப்பு போகவில்லை. நன்றாக ஓடுகிறவள் திடீரென்று பின்தங்குவாள். மாடிப்படி ஏறினால் படபடப்பு. முகம் வெளுத்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது. சாம்பலைத் தின்கிறாள், பச்சரிசியை அள்ளி மெல்லுகிறாள் என்று வீட்டில் சொல்வார்கள். ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது என் எதிரே வரிசையில் நிற்பவர்களில் இரண்டில் ஒருத்தி. வயது வந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு 7.4 இருந்தது. அதோடு அவள் மூன்று மாதமாகத் தினமும் ஓடியிருக்கிறாள். பின்தங்குகிறாள் என்று அவளை நான் இரண்டு தடவை கூடுதலாக ஓட வைத்திருக்கிறேன். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

ரத்தம் போதுமான அளவு வந்தாலும் அதில் ஆக்சிஜன் சுமக்கிற ஆள் இல்லையென்றால் மூளைக்கும் தசைக்கும் பட்டினிதான். பயிற்சியைக் கூட்டினால் இது சரியாகாது, மோசமாகும். காரணம் தேட வேண்டும். மாதவிடாயில் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று கேட்டேன். ‘எட்டு நாள் டீச்சர், எல்லாருக்கும் அப்படித்தான?’ என்றாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன இடத்தில் ஒருவர், ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்டம், நிறுத்திட்டாப் போதும்’ என்றார். ஓட்டத்தை நிறுத்தினால் மூச்சு வாங்குவது வெளியே தெரியாமல் போகும், நோய் அப்படியே இருக்கும். வேறொரு பெண் மருத்துவரிடம் போனோம். அவர் அதிக உதிரப்போக்குக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தார். இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை. வெறுங்காலோடு கரிசல் காட்டில் நடக்கிற பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு தோல் வழியே ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கும். பள்ளிகளில் வருஷத்துக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையை வகுப்பறைச் சன்னல் வழியே எறிந்துவிடுவார்கள், வயிறு புரட்டுகிறது என்று. நான் மதியச் சோற்றுக்குப் பிறகு என் கண்முன்னால் விழுங்க வைப்பேன். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சை சாறோ கூட இருந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். மாத்திரையோடு டீ குடித்தால் பெரும்பகுதி வீண். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் 7.4ஐக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது. அதை அம்மாக்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நாலு மாதத்தில் 11.8 வந்தது. ஒரு நாள் 400 மீட்டர் ஓடி முடித்து, நடந்துகொண்டே, ‘டீச்சர், எல்லாரும் இப்படித்தான் ஓடுறாங்களா? இவ்வளவு லேசாவா?’ என்று கேட்டாள். அதுவரை அவளுக்கு ஓட்டம் என்றாலே கண் இருட்டுவதுதான்.

மூச்சு சம்பந்தப்பட்டவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குண்டு எறியும் பிள்ளைகள், எடை தூக்கும் பிள்ளைகள் மூச்சைத் தம் கட்டி அடக்குவார்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடும். மூச்சை விட்டவுடன் அழுத்தம் சட்டென்று இறங்கும், கண்முன் பூச்சி பறக்கும். கனமான எடையைக் காலால் தள்ளும்போது ரத்த அழுத்தம் 300ஐத் தாண்டியதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடு, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறானது தேர்வு நாள் படபடப்பு. வரிசையில் நிற்கும்போதே நாய் இளைப்பதுபோல் மூச்சு வாங்கி, ரத்தத்திலுள்ள கரியமில வாயுவை அளவுக்கு மேல் வெளியேற்றிவிடுவார்கள். அது குறைந்தால் மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கும். விரல் நுனி ஊசி குத்தும், உதடு மரத்துப்போகும், தலை மிதக்கும். அவளைத் தனியே கூட்டிப்போய், ஒரே மூச்சில் இருபதுவரை சத்தமாக எண்ணச் சொல்வேன். எண்ணும்போது மூச்சு நீண்டு வெளியேறும். மூன்று நான்கு தடவையில் அடங்கிவிடும்.

வெயில் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மே 4ஆம் தேதி அக்னி நட்சத்திரம் பிறந்தால் ஏழு மணிக்கு மேல் மைதானத்தில் யாரும் இருக்கக் கூடாது. புதிதாகக் கோடையில் சேர்கிறவளுக்கு முதல் பத்துப் பதினாலு நாள் பாதிப் பயிற்சிதான். உடம்பு வெக்கைக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். வெயிலில் தலைசுற்றியவள் நேராகப் பதில் சொன்னால் நிழல், தண்ணீர், படுக்கை. பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தள்ளாடினால், அது வெப்பத்தாக்கு. உள்ளுடம்பின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்க்கிறதே என்று ஏமாறக் கூடாது, ஓடுவதால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை இருக்கும். அந்த நேரத்தில் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். தொட்டி இருந்தால் கழுத்துவரை தண்ணீரில் இறக்கலாம், தலையை மட்டும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. நான் பார்த்த ஒரே வெப்பத்தாக்கில் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட் தொட்டிதான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது.

இனி, கோட்டுக்கு இந்தப் பக்கம்.

முப்பது வருஷங்களில் ஓட்டத்தின் நடுவில் விழுந்த பிள்ளைகள் என்னிடம் மூன்று பேர். இரண்டு பேருக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. மூன்றாமவள் நல்ல ஓட்டக்காரி. வளைவைத் தாண்டி வேகமெடுத்தவள், முகத்துக்குக் கை கொடுக்காமல், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் விழுந்தாள். கண் இருட்டுகிறது என்றோ கிறுகிறுக்கிறது என்றோ ஒரு சொல் இல்லை. எழுந்த பிறகு, ‘கால் தடுக்கிருச்சு டீச்சர்’ என்று சாதித்தாள். தடுக்க அங்கே ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசினேன். பேச்சுவாக்கில் அவளுடைய பாட்டி, ‘இவ சித்தப்பனும் இருபத்தாறு வயசுல பந்து விளையாடிட்டு இருக்கையிலதான் போனான்’ என்றார். அந்த ஒரு வாக்கியம் போதும். இசிஜியும் எக்கோவும் எடுத்ததில், இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரைக் கோளாறு என்று தெரிந்தது. வேகமாக இதயம் துடிக்கும்போது அதில் ரத்தம் வெளியேறும் வழி அடைபடலாம், துடிப்பின் தாளமே கலைந்துபோகலாம். அவளைக் காவலர் தேர்வு எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், அவளுடைய தம்பிக்கும் பரிசோதனை செய்திருக்கிறார்கள்.

2021 ஜூன் 12ஆம் தேதி கோபன்ஹேகனில் யூரோ கால்பந்துப் போட்டியின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலே சாய்ந்து விழுந்ததை உலகமே பார்த்தது. உடனே நெஞ்சை அழுத்தினார்கள், மைதானத்திலேயே மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், பிழைத்தார். அந்தக் காட்சியை என் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். விழுந்தவர் அசைவில்லாமல், சரியாக மூச்சுவிடாமல் கிடந்தால், சாவியும் சோடாவும் தேடாதே; ஒருத்தி 108ஐக் கூப்பிடு, ஒருத்தி மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழம், ஆள் வரும்வரை நிறுத்தாதே. தலையணையில் பழக்குகிறேன். மூச்சு சீராக இருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை ஒரு அடி உயர்த்து. சுற்றிக் கூட்டம் போடாதே. நினைவு திரும்பும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதே.

என் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஐந்து கட்டங்கள்: தூங்கினாளா, சாப்பிட்டாளா, சிறுநீர் என்ன நிறம், மாதவிடாய் நாளா, நேற்றுச் சுற்றியதா. முதல் நாள் மட்டும் ஆறாவதாக ஒன்று கேட்பேன்: உங்கள் வீட்டில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? இதற்குப் பதில் பிள்ளைகளுக்குத் தெரியாது, பாட்டிகளுக்குத் தெரியும். அதனால் பாட்டியைக் கேட்டு வரச் சொல்வேன்.

காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் முடித்தால் போதும். அந்த இரண்டரை நிமிஷத்துக்காகப் பிள்ளைகளைப் பட்டினியிலும் தாகத்திலும் ரத்தசோகையிலும் ஓட விடுகிற என் சக ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘தலை சுத்துது’ என்று ஒரு பிள்ளை சொன்னால், எப்போது என்று கேளுங்கள். ஓட்டத்தின் நடுவில் என்றால், ஓடும்போது நெஞ்சு வலித்தது என்றால், அவள் எவ்வளவு கெஞ்சினாலும் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லாமல் மறுநாள் அவளை மைதானத்தில் இறக்காதீர்கள்.